பயிரைக் காக்கத் துப்பாக்கி கேட்டால் நாம் குற்றவாளிகளா?

  



காட்டுப்பன்றி பற்றி உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. நிலக்கடலை பால் பிடிக்கும்போது வருகிறது. மக்காச்சோளம் கதிர் கட்டும்போது வருகிறது. மரவள்ளியில் கிழங்கு இறங்கினால் வருகிறது. தென்னங்கன்று வைத்த மறுவாரமே வந்து குருத்தைப் பிடுங்கிப் போடுகிறது. தின்பது கால் பங்கு, உழப்பிப் போடுவது முக்கால் பங்கு. நாலு மாசம் பாடுபட்டதை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுப் போய்விடுகிறது.

நாம் சும்மா இருந்தோமா? வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டினோம். சலூன் கடையில் முடி வாங்கி வந்து தூவினோம். பினாயில் தெளித்தோம். தகரம் தட்டினோம். பரண் போட்டு விடிய விடியக் கண் விழித்தோம். முதல் வாரம் பயந்த பன்றி, மூன்றாம் வாரம் சேலையை மிதித்துக்கொண்டு உள்ளே வருகிறது. பகலெல்லாம் மண்வெட்டி, ராத்திரியெல்லாம் காவல். இப்படி ஒரு மனுசன் எத்தனை நாளைக்கு இருக்க முடியும்?

அதனால்தான் கேட்கிறோம்: பயிரைக் காக்கத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள். கேட்டதும் அலுவலகத்தில் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார்கள். "உனக்கு எதுக்குய்யா துப்பாக்கி? யாரைச் சுடப் போறே?" என்கிறார்கள். நகைக்கடைக்காரர் கேட்டால் தற்காப்பு, பெரிய மனிதர் கேட்டால் அந்தஸ்து, விவசாயி கேட்டால் மட்டும் சந்தேகமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் நாம் தெரிந்துகொள்வோம். தெரியாத வரைக்கும்தான் அவர்கள் சொல்வது சட்டம்.

சட்டத்தில் நமக்கு இடம் இருக்கிறது

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி நடக்கிறது. விதிகள் முதலில் 1962இல் வந்தன. இப்போது இருப்பவை 2016ஆம் ஆண்டு விதிகள். உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைக்கக் கூடாது. உரிமம் வேண்டும் என்றால் தகுந்த காரணம் வேண்டும். என்னென்ன காரணம்?

சட்டத்தின் 13ஆவது பிரிவைப் பாருங்கள். தற்காப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு என்று பேர் சொல்லியே போட்டிருக்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியே மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கி கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் வாசகம். "வழங்கலாம்" என்று இல்லை, "வழங்க வேண்டும்" என்று இருக்கிறது. தகுதிக் குறைவு எதுவும் இருந்தால் ஒழிய மறுக்கக் கூடாது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

அதோடு நிற்கவில்லை. மருந்து இடிக்கும் துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், தோட்டா போட்டுச் சுடும் சாதாரணக் குழல் துப்பாக்கிக்கும் அவர் உரிமம் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. மழைக்கால ராத்திரியில் மருந்து நமுத்துப் போகும், ஒரு தடவை சுட்டால் மறுபடி இடித்து முடிப்பதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே அன்றைக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. 14ஆவது பிரிவு. போதுமான சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஒன்றரை ஏக்கர்காரரும் கேட்கலாம், குத்தகைக்காரரும் கேட்கலாம். "ரெண்டு ஏக்கர் வச்சிருக்கவனுக்கெல்லாம் துப்பாக்கியா?" என்று கேட்கும் அதிகாரி சட்டத்துக்கு எதிராகப் பேசுகிறார். அதை அவர் முகத்துக்கு நேரே மரியாதையாகச் சொல்லுங்கள்.

யாருக்கு மறுக்கலாம்? 21 வயது நிறையாதவர், மனநலம் சரியில்லாதவர், வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்று ஐந்து வருடம் ஆகாதவர், பொது அமைதிக்கு இடையூறு என்று கருதத் தக்கவர். இந்தத் தடைகள் நியாயமானவை. இவற்றை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நாம் கேட்டால், பொதுநலன் கருதி வெளியிட முடியாத விஷயம் தவிர, அந்தக் காரணத்தைச் சுருக்கமாக நமக்குத் தர வேண்டும். அதன் மேல் 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

அலுவலகத்தில் நடப்பது என்ன?

எழுத்தில் மறுத்தால்தானே மேல்முறையீடு? இங்கே யாரும் மறுப்பதே இல்லை. கொடுப்பதும் இல்லை. மனு தூங்குகிறது, அவ்வளவுதான்.

ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் அது வட்டாட்சியருக்குப் போகிறது. அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு. ஒரு பக்கம் காவல் நிலையம், இன்னொரு பக்கம் வனத்துறை. "ஸ்டேஷன்ல இருந்து ரிப்போர்ட் வரல" என்று தாலுகா ஆபீசில் சொல்வார்கள். "எங்களுக்குக் கடுதாசியே வரல" என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். "ரேஞ்சர் மாறிட்டாரு" என்று வனத்துறையில் சொல்வார்கள். நம் சங்க உறுப்பினர் ஒருவர் மூன்று பட்டம் கடலை போட்டு மூன்றையும் பன்றிக்குக் கொடுத்த பிறகும் அவர் மனு மேசையில்தான் இருக்கிறது. இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

விதி என்ன சொல்கிறது? காவல் நிலையம் 30 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை வந்த பிறகு 60 நாளுக்குள் உரிமம் வழங்கும் அதிகாரி, தருகிறேன் அல்லது மறுக்கிறேன் என்று காரணத்தோடு ஆணை போட வேண்டும். காவல் நிலைய அறிக்கை குறித்த நாளில் வராவிட்டால், அதற்காகக் காத்திராமல் ஆணை போடும் அதிகாரத்தையும் சட்டம் ஆட்சியருக்குக் கொடுத்திருக்கிறது. ஆக "ரிப்போர்ட் வரல" என்பது சாக்குதான். நாம் கிஸ்தி கட்ட ஒரு நாள் தாமதித்தால் கேட்கிறார்கள். கெடு நமக்கு மட்டும்தானா?

போராடிப் பெற்றவர்கள் படும் பாடு வேறு. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். நாடாளுமன்றத் தேர்தல், சட்டமன்றத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல். யார் யார் ஒப்படைக்க வேண்டும் என்று ஆளைப் பார்த்து முடிவு செய்வதற்காகவே மாவட்டத்தில் ஆய்வுக் குழு இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. ஆனால் கிராமத்துக்கு வருவது "எல்லாரும் கொண்டாந்து வைங்க" என்ற ஒரே உத்தரவுதான். முடிவு அறிவித்த பிறகுதான் திருப்பிக் கொடுக்கிறார்கள். தேர்தல் முடியும் வரை பன்றி காத்திருக்குமா?

வெள்ளைக்காரன் போட்ட சந்தேகம்

விவசாயி கையில் துப்பாக்கி என்றாலே அரசுக்கு வரும் இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. 1857 கிளர்ச்சியைப் பார்த்து மிரண்ட வெள்ளையர் ஆட்சி, லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. சொந்த மண்ணில் நம்மைச் சந்தேகப் பட்டியலில் வைத்த சட்டம் அது.

உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்பு, 1930 ஜனவரியில் காந்தியடிகள் அரசுக்கு 11 கோரிக்கைகள் வைத்தார். நிலவரியைப் பாதியாகக் குறை, உப்பு வரியை நீக்கு என்பதோடு, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கொடு என்பதும் அதில் ஒன்று. அகிம்சையைச் சொன்னவரே அதைக் கேட்டார். ஏன்? உரிமம் என்பது நம்பிக்கை. குடிமகனை அரசு நம்புகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

பக்கத்தில் கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கிக்கு உரிமமே தேவையில்லை என்று வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த விலக்கு இன்றும் இருக்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டித்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கிலும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் விலக்கு செல்லும் என்று சொல்லிவிட்டது. அவர்கள் உரிமையை நாம் குறை சொல்லவில்லை. அங்கே நிலத்தை வைத்தே விலக்குக் கிடைக்கிறது. இங்கே சட்டத்தில் எழுதியுள்ள உரிமத்துக்கே நாம் வருடக்கணக்கில் நடக்கிறோம். விலக்கு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உள்ள சட்டப்படி நடங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி

இதை ஒவ்வொருவரும் கவனமாகப் படிக்க வேண்டும். துப்பாக்கி உரிமம் வேறு, சுடுவதற்கான அனுமதி வேறு. உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இந்த அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதித்தால்தான் சுடலாம். இது 11ஆவது பிரிவு. யானை, மயில் போன்றவை முதல் அட்டவணையில் இருப்பவை. அவற்றின் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே கூடாது. இதில் சங்கம் யாருக்கும் துணை நிற்காது.

இன்னொரு முடிச்சு 34ஆவது பிரிவு. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் தர வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். 2014இல் காவேரி வடக்கு சரணாலயம், 2022இல் காவேரி தெற்கு சரணாலயம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அறிவிக்க அறிவிக்க, எத்தனை கிராமங்கள் இந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் விழுந்தன! காடு காக்கப்பட வேண்டும், அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பன்றி எந்த ஊருக்கு அதிகம் வருகிறதோ அந்த ஊருக்குத்தான் உரிமம் கிடைப்பது அதிகக் கஷ்டம் என்றால் இது என்ன நியாயம்?

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் அறிவிப்பு செய்தது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியை ஒன்றும் செய்யக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறைப் பணியாளர் சுடலாம். நாம் பல வருடம் கத்தியதற்குக் கிடைத்த பலன் இது என்று வரவேற்கிறோம். ஆனால் சுடுவது வனத்துறை ஆள் மட்டும்தான். காடு பார்க்கவே ஆள் போதாத துறை, ராத்திரி ஒரு மணிக்கு நம் கடலைக் காட்டுக்கு வருமா? காட்டை ஒட்டி முதல் கிலோமீட்டரில் இருக்கிற ஏழை விவசாயி என்ன பாவம் செய்தான்?

கேரளத்தில் 2022 மே மாதம் அந்த அரசு வேறு வழி செய்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்து, உரிமம் வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட ஏற்பாடு செய்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. அதே வனவிலங்குச் சட்டம்தான் அங்கேயும். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

நேர்வழியை அடைத்தால் என்ன ஆகும்?

நேர்வழி அடைபட்டால் மனுசன் குறுக்குவழி தேடுவான். வேலிக் கம்பியில் கள்ளத்தனமாக மின்சாரம் விடுகிறான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இப்படிப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு தாயில்லாமல் நின்றதை நாடே பார்த்தது. யானை மட்டுமா? தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயி, ஆடு தேடிப் போன பையன், ஏன், கம்பி கட்டியவனே கூட அதில் கருகியிருக்கிறான். அவுட்டுக்காய் வைக்கிறார்கள்; பன்றிக்கு வைத்தது யானை வாயில் வெடிக்கிறது, மாட்டின் தாடையைப் பிளக்கிறது.

இன்னும் சிலர் கள்ள நாட்டுத் துப்பாக்கி வாங்குகிறார்கள். தம்பிமார்களே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தாலே குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. கள்ளத்தனமாகத் தயாரித்தால் குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகலாம். அரை ஏக்கர் கடலைக்காகப் பிள்ளைகுட்டியைத் தெருவில் விடாதீர்கள்.

அரசையும் கேட்கிறோம். உரிமம் உள்ள துப்பாக்கிக்கு எண் இருக்கிறது, பேர் இருக்கிறது, எத்தனை தோட்டா வாங்கினான் என்ற கணக்கு இருக்கிறது. கள்ளத் துப்பாக்கிக்கும் மின்வேலிக்கும் என்ன கணக்கு இருக்கிறது? எது ஆபத்து?

"சாதிச் சண்டையில் எடுத்துவிட்டால்?"

இந்தக் கேள்வியை அதிகாரிகள் மட்டுமல்ல, நம் வீட்டுப் பெண்களும் கேட்கிறார்கள். குடித்துவிட்டு வந்து எடுத்தால் என்ன ஆகும், வரப்புத் தகராறில் எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். நியாயமான பயம். அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நாம் பொறுப்பில்லாதவர்கள்.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்று நாம் கேட்கவில்லை. ஊருக்கு நாலைந்து பேர் போதும். குடிப்பழக்கம் இல்லாதவர், அடிதடி வழக்கு இல்லாதவர், ஊரில் எல்லாச் சாதியாரும் நம்புகிறவர் என்று பார்த்து, கிராம சபையில் வைத்துப் பேர் சொல்லட்டும். வீட்டில் பூட்டுப் போட்ட பெட்டி இருக்கிறதா என்று பார்க்கட்டும். அவர் வீட்டு அம்மாவையும் விசாரிக்கட்டும். மீறினால் உரிமத்தை ரத்து செய்ய 17ஆவது பிரிவு இருக்கவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தட்டும், நாம் குறுக்கே நிற்க மாட்டோம். தவறு செய்தவனைத் தண்டியுங்கள். தவறே செய்யாத ஊரையெல்லாம் தண்டிக்காதீர்கள்.

மனு போடுவது எப்படி?

துப்பாக்கி கேட்டு வாய்மொழியாக அலையாதீர்கள். குறித்த படிவத்தில் எழுதிக் கொடுங்கள். அடையாளச் சான்று, இருப்பிடச் சான்று, போட்டோ, உடல்நலமும் மனநலமும் சரி என்ற மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். இவற்றோடு பட்டா, சிட்டா, அடங்கல் நகல் வையுங்கள். குத்தகைக்காரர் என்றால் சாகுபடி ஆதாரம் வையுங்கள்.

பயிர்ச் சேதத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். வனத்துறைக்கு இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனுவின் நகலையும் சேருங்கள். "உண்மையான பயிர்ப் பாதுகாப்பு" என்பதற்கு இவைதான் சாட்சி. காரணம் என்ற இடத்தில் தற்காப்பு, பயிர், அது இது என்று நாலைந்து எழுதிக் குழப்பாதீர்கள்; பயிர்ப் பாதுகாப்பு என்று ஒன்றே எழுதுங்கள். மருந்து இடிக்கும் துப்பாக்கி போதாது என்றால் ஏன் போதாது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். மூன்று மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் மனு யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேளுங்கள். மறுத்து ஆணை வந்தால் வருத்தப்படாதீர்கள். அதுவே நமக்கு ஆயுதம். கெடு தாண்டுவதற்குள் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மேல்முறையீடு எழுதித் தருகிறோம்.

நமது கோரிக்கைகள்

1. நிலுவையில் உள்ள எல்லாப் பயிர்ப் பாதுகாப்பு உரிம மனுக்கள் மீதும் உடனே எழுத்துபூர்வமாக ஆணை போடு! தருவதானால் தா, மறுப்பதானால் காரணம் சொல்!

2. வருவாய், காவல், வனம் மூன்று துறையும் ஒரே நாளில் ஊருக்கு வந்து கூட்டு விசாரணை நடத்து! விவசாயியை மூன்று வாசலுக்கு அலைய விடாதே!

3. பாதுகாப்புப் பயிற்சியை மாவட்ட ஆயுதப்படை மைதானத்தில் விவசாயிகளுக்கு இலவசமாக நடத்து!

4. பயிர் நிற்கும் காலத்தில் தேர்தலைக் காட்டி எல்லாத் துப்பாக்கியையும் வாங்கி வைக்காதே! ஆய்வுக் குழு ஆளைப் பார்த்து முடிவு செய்யட்டும்!

5. காட்டுப்பன்றியைச் சுடும் பணியில் வனத்துறையோடு உரிமம் பெற்ற விவசாயிகளையும் சேர்! அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை ஊராட்சி அளவுக்குக் கொண்டு வா!

6. காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டர் நிலங்களுக்கு அரசு செலவில் அகழியும் முறையான சூரிய மின்வேலியும் அமைத்துக் கொடு! இழப்பீட்டைச் சேதம் நடந்த பட்டத்திலேயே கொடு!

உழவர் பெருமக்களே! இதில் ஒரு கோரிக்கையாவது சட்டத்துக்குப் புறம்பானதா? காட்டை அழி என்று கேட்டோமா? விலங்கையெல்லாம் கொல் என்று கேட்டோமா? விதைத்தவன் அறுக்க வேண்டும், அவ்வளவுதான் நாம் கேட்பது.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு இந்த முறை ஒருவர் இருவராகப் போக வேண்டாம். ஊர் ஊராகச் சேர்ந்து போவோம். ஒவ்வொருவர் கையிலும் மனு நகல், ஒப்புகைச் சீட்டு, பன்றி பிடுங்கிப் போட்ட ஒரு கடலைச் செடி. அந்தச் செடியை ஆட்சியர் மேசையில் வைத்துக் கேட்போம்: அய்யா, இதற்குப் பதில் என்ன?

திரண்டு வாரீர்! பெண்களும் வாரீர்! இளைஞர்களும் வாரீர்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்.